காண்டாமிருகக் குட்டி முதல் குதிரைக்காரன் வரை

எந்தப் படம் பிடிக்கும் என்று என் மாமாவைக் கேட்டால் படத்தின் பெயர் வராது. தான் அதில் எப்படிச் செத்தோம் என்பதுதான் முதலில் வரும். "அதுவா, நல்ல படம். அதுல நான் குதிரையிலேருந்து விழுந்து கழுத்து ஒடிஞ்சு சாவேன்." அல்லது, "அது சுமார்தான். தண்ணித் தொட்டியில முக்கிக் கொன்னுடுவாங்க. ஆனா சாகறதுக்கு முன்னாடி நல்லா நாலு வரி உண்டு." வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் அக்காவைப் பார்ப்பார்கள். அக்கா சலிக்காமல் விளக்குவாள்: "டப்பிங் பேசறாருங்க. வேற மொழிப் படத்துக்கு நம்ம மொழியில குரல் குடுக்கறது. மத்தபடி நல்லாத்தான் இருக்கார்."

மாமா என்றால் அக்காவின் கணவர். கல்லூரியில் சேர ஊரிலிருந்து நகரத்துக்கு வந்தபோது அவர்கள் வீட்டுக் கூடத்தில்தான் பாய் விரித்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பு என்ற ஒன்றை முடித்த முதல் ஆள் நான். வாய்ப்புக் கிடைத்த இடத்திலெல்லாம் இதைச் சொல்லிவிடுவேன், இங்கேயும் சொல்லிவிட்டேன். அப்பா கைநாட்டு. அவருடைய அப்பாவும் கைநாட்டு. என் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியது அக்கா வீட்டில்தான், டிவிக்கு நேர் மேலே. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பார்த்த எல்லாப் படங்களையும் என் பட்டத்தையும் சேர்த்துத்தான் பார்த்திருக்கிறோம்.

படம் பார்ப்பதில் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. அக்கா மகள் பாப்பாவுக்குக் கார்ட்டூன் படம். எனக்குக் கௌபாய் படம். எங்கள் வீட்டு மொழியில் குதிரைப் படம். அக்கா சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே பார்ப்பாள். அவளுக்கு ஒரே கேள்விதான்: "கடைசியில எல்லாரும் ஒண்ணு சேர்ந்துடறாங்களா?" சேர்ந்துவிடுவார்கள் என்று உறுதி கொடுத்தால் வந்து உட்காருவாள். மாமா கதையைப் பார்க்கவே மாட்டார். வாயைத்தான் பார்ப்பார். "பார்றா, அவன் வாயை மூடிட்டான், இவன் இன்னும் பேசிக்கிட்டிருக்கான்" என்று யாரோ முகம் தெரியாத சக தொழிலாளியைத் திட்டுவார்.

கார்ட்டூன்தான் கஷ்டம் என்பது அவருடைய கட்சி. மனிதன் நடித்த படத்தில் அவன் முகம் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பொம்மைக்கு மூச்சுகூட நாம்தான் விட வேண்டும். அது ஓடினால் மைக் முன்னால் நின்ற இடத்திலேயே குதிக்க வேண்டும். அது தின்றால் வாய் நிறைய வாழைப்பழத்தை அடைத்துக்கொண்டு பேச வேண்டும். சட்டை சரசரக்கக் கூடாது என்று பதிவறைக்குள் போகும்போது பழைய பனியனோடு போவார். மாமா பேசியதிலேயே பெயர் வாங்கியது ஒரு காண்டாமிருகக் குட்டி. கப்பலில் தப்பி, தன் அம்மாவைத் தேடிப் போகும் குட்டி அது. மீசை வைத்த ஆளுக்குள் அப்படி ஒரு குரல் எங்கே இருந்தது என்று தெரியாது. மூக்கடைத்த மாதிரி, கொஞ்சம் அழுகிற மாதிரி, அதே நேரம் யாரையும் நம்பிவிடுகிற மாதிரி. அந்தக் குட்டி தன் அப்பாதான் என்று பாப்பா பள்ளியில் சொல்லப்போக, யாரும் நம்பவில்லை. அடுத்த நாள் பள்ளி வாசலில் நின்று, "அம்மா, இந்தக் கப்பல் எங்கே போகுது?" என்று மாமா பேசிக் காட்டினார். பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். காவலாளி வந்து விசாரித்துவிட்டு, தனக்கும் ஒரு தடவை பேசச் சொன்னார்.

குதிரைப் படத்தில் எனக்கு எல்லாமே உடனே புரிந்தது. ஒரே தெரு, புழுதி, ஒரு பெரிய மனிதர், அவர் வரும்போது கதவைச் சாத்திக்கொள்கிற மற்றவர்கள். எங்கள் ஊரும் அதுதான். தொப்பியும் துப்பாக்கியும்தான் குறை. ஊரில் கதவைச் சாத்திக்கொண்ட வீட்டில் வளர்ந்தவன் நான். அதனால் எவனோ ஒருவன் வெளியூரிலிருந்து வந்து அந்தத் தெருவின் நடுவில் நிற்கும்போது எனக்கு நெஞ்சு விம்மும். மாமா என்னைக் கேலி செய்வார். "அவன் ஏன் நிக்கிறான் தெரியுமா? அவனுக்கு வசனம் இல்ல. இந்தப் படங்கள்ல பேசறவன் செத்துடுவான் மாப்ளே, பேசாதவன்தான் கதாநாயகன். நான்லாம் நிறையப் பேசறவன்."

உண்மைதான். மதுக்கடையில் உளறுகிறவன், காவல் நிற்கும்போது பாட்டுப் பாடுகிறவன், "யார் அங்கே?" என்று கேட்டுவிட்டு உடனே சுடப்படுகிறவன், இவர்கள் எல்லாம் மாமா. சாகும் சத்தங்களை ஒவ்வொரு நாளும் வேலையின் கடைசியில்தான் பதிவு செய்வார்கள். அலறினால் தொண்டை போய்விடும். அதன் பிறகு வேறு எதற்கும் உதவாது. அதனால் மாமா செத்துவிட்டு நேராக வீட்டுக்கு வருவார்.

குரல் கம்மியது ஒரு சளியில் தொடங்கியது. சளி போய்விட்டது, கம்மல் போகவில்லை. அந்தச் சமயம் பார்த்துக் காண்டாமிருகக் குட்டியின் இரண்டாம் பாகம் வந்தது. வசனம் எழுதி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேச வைக்கிறவரை அங்கே எல்லோரும் வசனக்காரர் என்பார்கள். அவர் காதில் மாட்டிய கருவியைக் கழற்றிவிட்டுச் சொன்னாராம்: "யோவ், குட்டிக்கு வயசாயிடுச்சேய்யா!" குட்டியை ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். மாமா அன்று வீட்டில் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பாப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் அவர் கவலை.

ஆனால் அடுத்து வந்தது ஒரு குதிரைப் படம். தாடி வைத்த ஒரு கொள்ளைக்காரன், பெரிய வேடமில்லை. மாமா வாயைத் திறந்து ஒரு வரி பேசியதும் வசனக்காரர் எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

"இத்தனை நாள் இதை எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்த? இந்தக் கரகரப்புக்குத்தான்யா நான் ஊரெல்லாம் ஆள் தேடிக்கிட்டிருந்தேன். தெளிய விட்டுடாதே, ஆமா!"

தெளிய விடவில்லை. வெந்நீர்க் குடுவை பரணுக்குப் போனது. ஐஸ் தண்ணீர் வந்தது. காலையில் எழுந்ததும் கரகரப்பு இருக்கிறதா என்று பேசிப் பார்ப்பார். கொஞ்சம் தெளிவாக இருந்துவிட்டால் அவருக்கு முகம் வாடிவிடும்; தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தி அதைத் திரும்பக் கொண்டுவருவார். "வீட்டுக்குள்ள லாரி வந்து நின்ன மாதிரி இருக்கு" என்று அக்கா சிரிப்பாள். ஆனால் அவளுக்கும் பெருமைதான். தண்ணீர் லாரிக்கு அவர் ஃபோன் செய்தால் யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்து உடனே அனுப்பிவிடுவார்கள். அக்கம்பக்கத்து வீடுகளும் தங்கள் பங்குக்கு மாமாவையே ஃபோன் பேசச் சொல்லும்.

கரகரப்பு ஏற ஏற வேடமும் ஏறியது. கொள்ளைக்காரனின் ஆள், கொள்ளைக்காரன், ஊரையே பிடித்து வைத்திருக்கும் பெரிய மனிதன். கடைசியில் அது வந்தது. கதாநாயகன். படம் முழுக்க மிகக் குறைவாகப் பேசும் ஒரு குதிரைக்காரன். வசனத் தாளைக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டினார். பக்கம் பக்கமாக வெறுமை, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரிகள். "பார்த்தியா, எவ்வளவு கம்மியா பேசறேன்" என்றார். பதவி உயர்வு வந்தவன் மாதிரி இருந்தது அவர் முகம்.

பாதிப் படம் பேசி முடித்திருந்தபோது விழுங்கினால் காதில் குத்துகிறது என்றார். பிறகு கைக்குட்டையில் ரத்தம் இருந்தது. அதை அவர் காட்டவில்லை. துவைக்க எடுத்த அக்கா பார்த்தாள். அன்றைக்கே அவரையும் என்னையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டாள்.

மருத்துவர் ஒரு பெண்மணி. மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டார். மாமாவின் தொண்டை பக்கத்தில் இருந்த திரையில் தெரிந்தது: சிவந்த ஈரமான ஒரு குகை, அதன் வாசலில் காலிஃபிளவர் மாதிரி ஏதோ. குழாயை எடுத்ததும் மாமா என் பக்கம் சாய்ந்து, "இதுக்கும் நான்தான் குரல் குடுக்கணும் போல" என்றார். நான் சிரிக்கவில்லை. மருத்துவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குரல் மாறி எவ்வளவு நாளாச்சு?"

"ரொம்ப நாளாச்சுங்க."

"அப்பவே ஏன் வரல?"

"நல்லா இருந்துச்சுங்க டாக்டர்."

"எது நல்லா இருந்துச்சு?"

"குரல்தாங்க."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் டப்பிங் என்று தொடங்கிக் கதாநாயகன் வரை சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று தெரிந்தது. அவர் பேனாவை மூடி வைத்தார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கதிர் சிகிச்சையிலேயே சரிசெய்திருக்கலாம், குரலும் தங்கியிருக்கும் என்றார். கிள்ளி எடுத்த சதையின் ஆய்வு முடிவு வந்த பிறகு மறுபடி கூப்பிட்டுச் சொன்னது அதைவிடச் சுருக்கம். புற்று. குரல்வளையையே எடுக்க வேண்டும். கழுத்தில் துளை போட்டு, மூச்சு அதன் வழியாக. "தள்ளிப் போடாதீங்க. ஒருநாள் திடீர்னு மூச்சே அடைச்சிடும்."

"படம் பாதியில நிக்குதுங்க" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்து அக்கா போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும். "படத்துல செத்துச் செத்துப் பழகிடுச்சு உங்களுக்கு! நிஜத்துலயும் செத்துட்டு எழுந்து வீட்டுக்கு வந்துடலாம்னு நினைப்பு!"

"நான் சாக மாட்டேன்டி. அதைத்தானே சொல்றேன். இத்தனை வருஷத்துல முதல் தடவையா கடைசிக் காட்சி வரைக்கும் உயிரோட இருக்கேன். அதை முடிச்சுட்டு வர்றேன்."

"முடிச்சுட்டு வர்றதுக்கு நீங்க இருக்கணும்ல?"

"குரலை எடுத்துட்டா மட்டும் நான் இருப்பேனா?"

பாப்பா என் பட்டத்துக்குக் கீழே டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாமா இன்றைக்கு உயிரோடுதான் இருக்கிறார். பிழைப்பாரா மாட்டாரா என்று படக்காரர்கள் மாதிரி கடைசிவரை இழுத்துப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை. கழுத்தில் துளையோடு, அதன்மேல் ஒரு துணியோடு, கூடத்து மூலையில் உட்கார்ந்திருக்கிறார். உதட்டை அசைக்கிறார், நாங்கள் புரிந்துகொள்ளப் பார்க்கிறோம். பாதி நேரம் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். கோபம் வந்தால் சுவரைக் கையால் அடிக்கிறார். பிழைத்தார் என்று இதைச் சொல்கிறோம்.

சண்டைக்குப் பிறகும் மாமா ஸ்டூடியோவுக்குப் போவதாகவே இருந்தார். அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். "சரி, நானும் வர்றேன். அந்த வசனக்காரரை நேர்ல பார்த்து ஒரு வார்த்தை கேட்கிறேன்" என்றாள். நானும் போனேன்.

பதிவறையின் வெளிக்கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே வேலை நடக்கிறது, யாரும் நுழையக் கூடாது என்று அர்த்தம். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். மாமா வழக்கம்போலச் சட்டையைக் கழற்றி மடித்துவைத்துவிட்டுப் பனியனோடு தயாராக இருந்தார். விளக்கு அணைந்தது. சவுண்ட்காரர் சிகரெட் பிடிக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. திறந்த கதவின் வழியாக, பதிவு செய்ததைத் திரும்பப் போட்டுக் கேட்கும் சத்தம் வந்தது.

"குதிரைக்குத் தண்ணி காட்டிட்டுப் போயிடறேன். எனக்கு எதுவும் வேண்டாம்."

மாமாவின் குரல். அதே கரகரப்பு, அதே இழுவை. ஆனால் அது மாமா இன்னும் பேசாத காட்சி. அக்கா திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வசனக்காரர் அவசரமாக வெளியே வந்தார். "அட, வாய்யா! நீ வருவியோ மாட்டியோன்னு... உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். ஒரு பாதுகாப்புக்குத்தான் தம்பியை வரச் சொன்னேன். முதல் பாதியையும் திரும்ப எடுத்துட்டா ஒரே மாதிரி இருக்கும்னு... நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே."

அவருக்குப் பின்னால் ஓர் இளைஞன் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தான். மாமாவைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே! உங்க பேச்சைத்தாண்ணே அப்படியே பிடிச்சிருக்கேன். எப்படிண்ணே இருக்கு?" கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது அவன் சொந்தக் குரல்.

"நல்லா இருக்கு தம்பி" என்றார் மாமா. பிறகு, "வலிக்குதா?" என்று கேட்டார்.

"ச்சே ச்சே, இல்லண்ணே. சும்மா தொண்டையைக் கொஞ்சம் அழுத்திக்கிட்டாப் போதும், வந்துடுது."

மாமா தலையாட்டினார். மடித்து வைத்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தான் ஒன்று சரியாக விழவில்லை; அக்கா போட்டுவிட்டாள். வசனக்காரரிடம் கேட்க வந்ததை அவள் கேட்கவே இல்லை. பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் மாமா வாயைத் திறந்தார்.

"டாக்டர் எப்ப வரச் சொன்னாங்க?"

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் பிற்பகல், வார்டில் அக்கா தன் ஃபோனை எடுத்தாள். பாப்பாவை உள்ளே விடவில்லை. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். "பாப்பாவுக்கு ஏதாவது பேசிக் குடுங்க. பெரியவளானதும் கேட்டுக்கட்டும்" என்றாள். இதைச் சொல்லும்வரை அவள் அழவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஃபோனை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று கையால் காட்டினார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். பக்கத்துப் படுக்கைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். எல்லாம் தயாரானதும் மாமா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பேசணும்?"

"உங்களுக்குத் தோணுறதைப் பேசுங்க" என்றாள் அக்கா.

"எனக்கு என்ன தோணும்? எழுதிக் குடுத்தாத்தான் பேச வரும்." என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவன்தானே. எழுதுடா."

தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதினேன். பரீட்சைகளில் கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதியவன் நான். தைரியமாக இரு, நன்றாகப் படி, அப்பா எப்போதும் உன்னோடு இருப்பேன் என்றெல்லாம் வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா உதட்டை அசைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

"யாருடா இது பேசறது? பாதிரியாரா?"

"வேற எழுதட்டுமா மாமா?"

"வேண்டாம். அவகிட்ட நான் இப்படிப் பேசினதே கிடையாது. எழுந்திரு, பல்லு விளக்கு, பையை எடுத்துக்கோ. இதான் நான் பேசியிருக்கேன்." தொண்டையைச் செருமிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இப்ப சரியா வராது. சாயங்காலக் குரல் கேட்க நல்லா இருக்காது. காலையில எழுந்ததும் பேசறேன், அப்பத்தான் பதமா இருக்கும். ரெண்டாவது ஆளாத்தானே கூட்டிட்டுப் போறாங்க? நேரம் இருக்கு."

தொழில்காரர் சொல்கிறார் என்று நாங்களும் விட்டுவிட்டோம். மின்விசிறியைப் போட்டோம்.

காலையில் முதல் ஆளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மாமா கண் விழித்து உட்கார்வதற்குள் தள்ளுவண்டி வந்து நின்றது. ஃபோன் சார்ஜ் இல்லாமல் கீழ்த்தளத்துக் கடையில் இருந்தது. அக்கா அதை எடுத்துவர ஓடினாள். "ஒரு நிமிஷம்ங்க" என்று நான் கெஞ்சினேன். "உள்ளே எல்லாரும் காத்திருக்காங்க சார்" என்றார் ஊழியர். நல்லவர்தான்; வண்டியை மெதுவாகத்தான் தள்ளினார். நான் கூடவே நடந்தேன். மாமா மாடிப்படி வரும் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. குரலைச் சேமிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அறுவை அறையின் வாசலில் பச்சை உடுப்போடு ஒரு நர்ஸ் குனிந்து கேட்டார்: "கட்டின பல்லு ஏதாவது இருக்கா?"

மாமா தலையை ஆட்டினார்.

"தலையாட்டினாப் போதாதுங்க, வாயைத் திறந்து சொல்லுங்க. இருக்கா இல்லையா?"

"இல்லங்க" என்றார் மாமா.

கதவு சாத்திக்கொண்டது. அக்கா ஃபோனைக் கையில் பிடித்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"போயிட்டாரா? ஏதாவது பேசினாராடா?"

"பல்லைப் பத்திக் கேட்டாங்கக்கா. இல்லன்னு சொன்னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."